சோதனைக்கும் ஒரு சோதனை

மருந்தொன்று தூயது என்று ஆய்வுக்கூடம் அளிக்கும் சான்றிதழ், அம்மருந்தை உண்பார் அனைவர்க்கும் அளிக்கும் வாக்குறுதியாகும். இக்காலத்தில் அவ்வாக்குறுதியை மனிதன் தன் கண்ணாலும் நாவாலும் அறிந்து கொடுப்பதில்லை. கருவியொன்றைக் கேட்டு, அது கூறியதை எழுதிக் கையொப்பமிடுகின்றான். கருவி பொய் கூறாது என்பது பலர் நம்பிக்கை. பொய் கூறும் விருப்பம் கருவிக்கு இல்லை என்பது உண்மையே. ஆயினும் பழுதுற்ற கருவி பிழைபடக் கூறும். பழுதற்ற கருவியும் தவறாகக் கேட்டால் தவறாகவே விடை தரும். ஆதலின், சோதிப்போன் முதற்கண் சோதிக்க வேண்டுவது தன் சோதனையையே என்பதும், தனக்கு உவப்பற்ற முடிவு வந்தபோது மட்டுமன்றி உவப்பான முடிவு வந்தபோதும் அவ்வாறு செய்தல் வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாம்.

இஃது இரசாயன வகுப்பினர் எழுத வேண்டிய பொருளன்றோ, தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர் சிலர் வினவக்கூடும். மருந்து உண்பவருள் தமிழ் மாணவரும் உளர் என்பது ஒரு விடை. எது சான்று, எது சான்றின் சாயல் என்று பகுத்தறிவது எல்லாத் துறைக்கும் பொதுவாகிய கல்வி என்பது மற்றொரு விடை. விஞ்ஞானம் பயிலும் நண்பர்களிடமும் ஆசிரியர்களிடமும் கேட்டறிந்தும், நூல்களைப் படித்தும் என் சிற்றறிவிற்கு எட்டியதை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

மருந்துப் பொருள்கள் பெரும்பாலும் ஏதேனும் ஒரு திரவத்திற் கரைக்கப்பட்டு, வினைப்படுத்தப்பட்டு, படிகமாக்கப்பட்டு, உலர்த்தப்படுகின்றன. அத்திரவத்தைக் கரைப்பான் என்பர். மெத்தனால், அசிட்டோன், டொலுயீன், குளோரோபார்ம் முதலியன அவ்வகையின. எத்துணை உலர்த்தினும் அவற்றுட் சிறிது மருந்திலேயே தங்கிவிடும். எவ்வளவு தங்கலாம் என்பதற்கு ஐ.சி.எச். என்னும் பன்னாட்டு அவை 1997-ஆம் ஆண்டில் எல்லைகள் வகுத்தது. பத்து இலட்சம் பங்கில் அசிட்டோன் 5000 பங்கு வரையும், மெத்தனால் 3000 பங்கு வரையும், குளோரோபார்ம் 60 பங்கு வரையும் இருக்கலாம். புற்றுநோய் விளைக்கும் பென்சீனைப் பயன்படுத்தாமையே நன்று. தவிர்க்க இயலாதாயின் 2 பங்கிற்கு மேற்படலாகாது. 1000 கிலோ நெல்லில் 2 கிராம் நெல் எவ்வளவோ அவ்வளவே இது.

மருந்திற்கு மட்டுமன்றி உணவிற்கும் இச்செய்தி பொருந்தும். என் சொந்த மாவட்டமாகிய புதுக்கோட்டையின் வானம் பார்த்த நிலங்களில் நிலக்கடலை விளைகின்றது. கடலையைச் செக்கிலிட்டு ஆட்டிய பின்னரும் பிண்ணாக்கில் எண்ணெய் எஞ்சியிருக்கும். ஆலைகள் அதனை ஹெக்சேன் என்னும் கரைப்பானைக் கொண்டு வடித்தெடுக்கின்றன. தவிட்டெண்ணெயும் அவ்வாறே எடுக்கப்படுகின்றது. பின்னர் ஹெக்சேனை நீக்கிவிடுதல் வேண்டும். அது நீங்கியதோ இல்லையோ என்று வாங்குவோன் கண்ணாற் காண இயலாது. கருவியே காட்ட வேண்டும்.

அக்கருவியின் பெயர் வாயு வண்ணப்பிரிகைக் கருவி. ஆய்வுக்கூடத்தார் அதனைக் கேஸ் குரோமட்டோகிராப் என்றே வழங்குவர். 1903-ஆம் ஆண்டில் சுவெட் என்னும் உருசிய அறிஞர் பச்சிலைச் சாற்றை நுண்பொடி நிரப்பிய குழாயின் வழியே வடித்து, அதன் நிறங்களைப் பட்டை பட்டையாய்ப் பிரித்துக் காட்டும் முறையை வெளியிட்டார். நிறங்களைப் பிரித்தமையால் வண்ணப்பிரிகை என்னும் பெயர் அமைந்தது. 1952-இல் ஜேம்ஸ், மார்ட்டின் என்னும் இருவர் அம்முறையை வாயுக்களுக்கும் விரித்தனர். நிறமே இல்லாத வாயுக்களைப் பிரிக்கும் கருவிக்கும் வண்ணம் என்னும் பெயர் நிலைத்துவிட்டது. காரணப்பெயராய்ப் பிறந்தது இடுகுறிபோல் நின்றுவிட்டது என இலக்கணம் பயில்வார் கூறலாம்.

கரைப்பான் எச்சத்தை அறிய, மருந்தினை நீரிலோ வேறொரு திரவத்திலோ கரைத்துச் சிறு குப்பியில் அடைத்துச் சூடாக்குவர். கரைப்பான் ஆவியாகித் திரவத்தின் மேலுள்ள வெற்றிடத்தில் நிறையும். அவ்வாவியிற் சிறிதளவை எடுத்து, ஹீலியம் அல்லது நைட்ரஜன் வாயுவின் ஓட்டத்திற் சேர்த்து, நூல்போன்ற நீண்ட குழலின் வழியே செலுத்துவர். அக்குழல் 30 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுடையது. சுருளாய்ச் சுற்றி வெப்ப அறையில் வைக்கப்பட்டிருக்கும். ஒரே வாயிலிற் புகுந்த கரைப்பான்கள் குழலின் உட்பூச்சோடு வெவ்வேறு அளவில் ஒட்டி உறவாடி, வெவ்வேறு நேரத்தில் வெளிவரும். வாயிலில் எரியும் சிறு சுடர் ஒவ்வொன்றையும் உணர, கோட்டில் ஒரு முகடு எழும். முகடு எழுந்த நேரம் கரைப்பான் இன்னது எனக் காட்டும். முகட்டின் பரப்பு அஃது இவ்வளவு எனக் காட்டும். கேட்பதற்கு எளிதாய்த் தோன்றும் இவ்வேற்பாட்டிற் பிழை புகும் வழிகள் பல.

முதலாவது, மருந்தில் இல்லாத பொருளுக்கு முகடு எழுதல். இதனைப் பேய்முகடு என்பர். இதனை அறியும் வழி வெற்றுச் சோதனை. அதாவது மருந்தை இடாமல், கரைக்கும் திரவத்தை மட்டும் குப்பியிலிட்டு ஓட்டுதல். அப்போதும் முகடு எழுமாயின், குற்றம் மருந்தினதன்று. அத்திரவம் கெட்டிருக்கலாம், குப்பி மூடியின் இரப்பர் கசிந்திருக்கலாம், முன்னர்ச் செலுத்திய மாதிரியின் எச்சம் உள்ளே தங்கியிருக்கலாம், அடுத்த மேசையிற் கண்ணாடிக் கலம் கழுவிய அசிட்டோன் காற்றில் மிதந்து குப்பியுட் புகுந்திருக்கலாம். இவ்வாறு கழுவுவோன் செய்த குற்றம் மருந்தின்மேற் பழியாய் விழும்.

இரண்டாவது, உள்ள பொருளுக்கு உரிய அளவில் முகடு எழாமை. குப்பியின் மூடி நன்கு இறுகாவிடின் ஆவி கசிந்துவிடும். விரலால் திருகிப் பார்த்து மூடி சுழலுமாயின் இறுக்கம் போதாது என்று அறியலாம். பலமுறை ஊசி குத்தப்பட்ட நுழைவாயில் இரப்பரும் கசியும். மருந்தே கரைப்பானைத் தன்பாற் பற்றிக்கொண்டு ஆவியாக விடாமையும் உண்டு. இவற்றுள் எது நேரினும், அழுக்குள்ள மருந்து தூயதாய்த் தோன்றும். இதனைக் கண்டறிய, அளவறிந்த சிறிது கரைப்பானை மாதிரியோடு வேண்டுமென்றே சேர்த்துச் சோதிப்பர். சேர்த்தது முழுதும் திரும்பக் காணப்படுமாயின் கருவியை நம்பலாம். பாதியே காணப்படுமாயின், மற்றைப் பாதி எங்குச் சென்றது என்று கேட்டாக வேண்டும்.

மூன்றாவது, முகடுகள் நேரம் தவறி எழுதல். வாயுவின் ஓட்டமோ வெப்ப அறையின் சூடோ மாறியிருப்பின் இவ்வாறு நேரும். நான்காவது, முகடு ஒழுங்காய் இறங்காது வால் நீண்டு கிடத்தல். நுழைவாயிலின் கண்ணாடிக் குழாயோ நீண்ட குழலின் முகப்போ அழுக்கேறியிருப்பதற்கு அஃது அறிகுறி. குழாயை மாற்றியும் முகப்பிற் சிறிது நறுக்கியும் இதனைச் சீர்செய்வர். ஐந்தாவது, இரு பொருள்கள் ஒரே நேரத்தில் வெளிவந்து ஒரே முகட்டினுள் ஒளிந்திருத்தல். வேறு தன்மையுள்ள இரண்டாம் குழலின் வழியே செலுத்தினால் அவை பிரிந்துவிடும்.

இவ்வைந்திற்கும் பொதுவாய அறம் ஒன்றுண்டு: ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக, மாற்றியதை உடனே எழுதுக. இரப்பரையும் குழாயையும் வாயுவையும் ஒருங்கே மாற்றிக் கருவி நலம் பெற்றால், நலம் பெற்றதன் காரணம் எவர்க்கும் தெரியாது. காரணம் தெரியாது நீங்கிய பிழை, காரணம் தெரியாமலே மீண்டும் வரும்.

எங்கள் மாவட்டத்துச் சித்தன்னவாசற் குன்றில் ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளம் உண்டு. அங்குச் சமணத் துறவியர் கற்படுக்கையில், ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையுள்ள தமிழ்க் கல்வெட்டொன்று பழைய எழுத்திற் பொறிக்கப்பட்டிருக்கின்றது. அத்தகைய கல்வெட்டைப் படிப்போர்க்கு நேரும் இடர் யாது? உளி வெட்டிய கோட்டிற்கும் பாறையில் தானே விழுந்த கீறலுக்கும் வேறுபாடு காணுதலே. புள்ளியென எண்ணியது மழைத்துளி அரித்த குழியாயின் சொல் மாறும். சொல் மாறினால் வரலாறும் மாறும். ஆதலின் கல்வெட்டறிஞர் எழுத்துள்ள இடத்தை மட்டுமன்றி எழுத்தில்லா இடத்தையும் நோக்குவர். பாறை தானாகவே எவ்வகைக் கீறல்களைப் பெற்றுள்ளது என்று அறிந்த பின்னரே எழுத்தைத் துணிவர். இஃது அவர்தம் வெற்றுச் சோதனை எனலாம். தமக்கு இனிய பாடம் கிடைத்தவுடன் ஆராய்ச்சியை நிறுத்திக்கொள்பவர் கல்வெட்டைப் படித்தவராகார். தம் விருப்பத்தைக் கல்லில் ஏற்றியவரே ஆவர்.

ஆய்வுக்கூடத்திலும் இவ்விருப்பமே பெரும்பகை. முடிவு எல்லையை மீறி வந்தால் உடனே ஐயம் பிறக்கின்றது. குப்பியைப் பார், வாயுவைப் பார், மீண்டும் ஓட்டு என்று ஆரவாரம் எழுகின்றது. முடிவு எல்லைக்குள் வந்தாலோ எவரும் எழுந்து பார்ப்பதில்லை, சான்றிதழ் அச்சாகின்றது. முன்னே நாம் கண்ட கசிவும் பற்றுதலும் மருந்தைத் தூயதாய்க் காட்டும் பிழைகள் அல்லவோ? பிழைகள் இருபுறமும் உள்ளபோது ஐயம் ஒருபுறம் மட்டும் இருத்தல் நடுநிலையன்று. பிழை தேடுதல் வேறு. பிடித்த விடை தேடுதல் வேறு. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருத்தலே இடர்.

அமெரிக்க நாட்டில் இவ்வேறுபாடு நீதிமன்றத்தில் வழக்காயிற்று. பார் என்னும் மருந்து நிறுவனத்தின்மீது அரசாங்கம் தொடுத்த வழக்கில், 1993-ஆம் ஆண்டு நீதிபதி வோலின் தீர்ப்பளித்தார். எல்லை மீறிய முடிவு வந்தால் அதன் காரணத்தை ஆராய்தல் வேண்டும். காரணம் காணாமல் அம்முடிவை ஒதுக்கிவிட்டு, நல்ல முடிவு வரும்வரை மீண்டும் மீண்டும் சோதித்தல் ஆகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். பகடையைப் பலமுறை உருட்டினால் வேண்டிய எண் ஒருமுறை விழத்தான் செய்யும். அந்த ஒரு வீழ்ச்சியை மட்டும் ஏட்டில் எழுதுதல் சோதனையாகாது.

இவையெல்லாம் நுண்மை வாதங்கள் என்று எண்ணுவார்க்கு அண்மை நிகழ்ச்சி ஒன்றை நினைவூட்ட விரும்புகின்றேன். 2025-ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா மாவட்டத்தில் 20-க்கு மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கோல்ட்ரிஃப் என்னும் இருமல் மருந்து, நம் தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரேசன் நிறுவனத்திற் செய்யப்பட்டதாகும். அவ்விடத்திலிருந்து எடுத்த மாதிரியைச் சென்னை அரசு ஆய்வுக்கூடம் சோதித்தபோது, அதில் டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு 48.6 விழுக்காடு இருந்தது. இருக்கத்தக்க எல்லை 0.1 விழுக்காடு. எல்லையைப்போல் 480 மடங்கிற்கும் மேல்! அம்மாதமே அந்நிறுவனத்தின் உரிமம் நீக்கப்பட்டது. மாண்ட குழந்தைகளோ மீளவில்லை.

இந்நஞ்சு மருந்துக் கரைப்பான்களாகிய கிளிசரினையும் புரோப்பிலீன் கிளைக்காலையும் போலவே நிறமற்றது, இனிப்பானது, கண்ணும் நாவும் வேறுபாடு காணா. எளிதில் ஆவியாகாத பொருளாதலின் இதனைக் குப்பியின் ஆவியில் தேடாது, கரைசலை நேரே செலுத்திச் சோதிப்பர். ஆயினும் பிரித்துக் காட்டுவது நாம் கூறிய அதே வகைக் கருவியே. 1937-இல் அமெரிக்காவில் சல்பானிலமைடு மருந்தை இந்நஞ்சிற் கரைத்து விற்ற நிறுவனம், நிறமும் மணமும் சுவையும் பார்த்ததன்றி நச்சுத்தன்மையைப் பார்க்கவில்லை. 100-க்கு மேற்பட்டோர் இறந்தனர். அதன் விளைவாக அடுத்த ஆண்டிற் புதிய சட்டம் பிறந்தது. 1972-இல் சென்னையிற் குழந்தைகள் இறந்தனர். 1986-இல் பம்பாய் ஜே. ஜே. மருத்துவமனையில் நோயாளர் இறந்தனர். 2022-இல் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் ஏறத்தாழ 70 குழந்தைகள் இறக்க, உலகச் சுகாதார நிறுவனம் இந்திய மருந்துகளைக் குறித்து எச்சரிக்கை விடுத்தது. ஒரே நஞ்சு 88 ஆண்டுகளாய் ஒரே வாயில் வழியே நுழைகின்றது.

சிந்த்வாரா நிகழ்ச்சியில் கருதத்தக்க செய்தி மற்றொன்றும் உண்டு. 2025 அக்டோபர் 3-ஆம் நாள், அதுவரை சோதித்த மாதிரிகளில் அந்நஞ்சு இல்லை என மத்திய அரசு அறிவித்தது. அம்மாதிரிகளைப் பொறுத்தவரை அவ்வறிவிப்புச் செய்யப்பட்ட சோதனைகளின் முடிவே. அந்நாள் கழிவதற்குள் தமிழ்நாட்டுச் சோதனையின் முடிவு தெரிவிக்கப்பட்டது. இதனால் நாம் அறிவது யாது? ‘நஞ்சு இல்லை’ என்னும் விடை, சோதித்த குப்பிக்கு உரியதேயன்றிச் சோதியாத குப்பிக்கு உரியதன்று. உவப்பான விடை வந்தபோதும், எதனைக் கேட்டோம், எதனைக் கேளாது விட்டோம் என்று நின்று நோக்குதல் வேண்டும். அவ்வாறு நின்று நோக்கிய ஒரு சோதனையே மேலும் பல குப்பிகள் திறக்கப்படாமற் காத்தது.

48.6 விழுக்காட்டைக் காணப் பேய்முகடும் வாலும் அறிந்த பேரறிஞர் வேண்டுமோ என்று ஒருவர் கேட்கலாம். வேண்டா. சோதிக்க வேண்டும் என்னும் எண்ணம் ஒன்றே போதுமாயிருந்தது. ஆனால் அவ்வெண்ணம் திடீரெனத் தோன்றுவதன்று. நுண்ணிய பிழையைப் பொருட்படுத்திப் பழகிய கூடத்திற் பெரிய பிழை நெடுநாள் ஒளிந்திருத்தல் அரிது; நுண்ணிய பிழையை விடையாய் ஏற்றுப் பழகிய கூடத்திற் பெரிய பிழையும் ஒருநாள் விடையாய்விடும்.

இங்ஙனம் எல்லாவற்றையும் ஐயுற்றால் வேலை நடப்பது எங்ஙனம், மருந்து மக்களைச் சேர்வது எப்போது, சிறு ஆலைகள் பிழைப்பது எவ்வாறு என்று தடை கூறுவாரும் உளர். அத்தடையில் நியாயம் இல்லாமலில்லை. ஆயின் நான் கூறிய ஐயத்திற்கு முறையும் உண்டு, முடிவும் உண்டு. வெற்றுச் சோதனை ஒன்று. அளவறிந்த மாதிரி ஒன்று. சேர்த்துச் சோதித்தல் ஒன்று. ஐயம் எஞ்சின் இரண்டாம் குழல் ஒன்று. இவை தேறினால் கருவியை நம்புக. அது கூறும் முடிவு கசப்பாயினும் ஏற்றுக்கொள்க. முடிவற்றது இவ்வையமன்று, பிடித்த விடை வரும்வரை ஓட்டுதலே முடிவற்றது. மேலும், காம்பியா நிகழ்ச்சிக்குப் பின்னர், ஏற்றுமதியாகும் இருமல் மருந்துகளைச் சோதித்துச் சான்று பெறுதல் வேண்டும் என 2023 ஜூன் முதல் நம் அரசு கட்டளையிட்டது. அயல்நாட்டுக் குழந்தைக்கு வேண்டிய சோதனை நம் நாட்டுக் குழந்தைக்கு மிகையாகுமோ?

இனி, நம் கல்லூரி வாழ்க்கைக்கு வருவோம். ஆய்வுக்கூடங்களில் நாளை கையொப்பமிடப் போகின்றவர் இன்று கல்லூரிகளில் பியூரெட்டைப் பிடித்து நிற்கும் மாணவரே. நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றிற் செய்முறைத் தேர்வு எவ்வாறு நடைபெறுகின்றது என்பது யாவரும் அறிந்ததே. சரியான விடை இன்னதென்று மாணவர் முன்னரே அறிவர். அவ்விடை வருமாறு பியூரெட்டின் அளவை ஏட்டில் அமைத்துக்கொள்வர். விடைக்கு மதிப்பெண் உண்டு. விடை ஏன் வரவில்லை என்று ஆராய்ந்தவனுக்கு மதிப்பெண் இல்லை. அவ்வாறு மூன்றாண்டு பழகியவன் மருந்தாலையிற் சேர்ந்த முதல்நாளே வேறு மனிதனாவான் என எதிர்பார்த்தல் பேதைமை. 0.2 மில்லிலிட்டரைத் திருத்திய கை முகட்டின் பரப்பையும் திருத்த அஞ்சாது. தமிழ் மாணவராகிய நாமும் இவ்வகையிற் குற்றமற்றவர் அல்லர். மூலத்தைப் பாராது உரையைப் பார்த்து எழுதும் வழக்கம் நம்மிடையேயும் உண்டு. பெயர் வேறு, பழக்கம் ஒன்று.

ஆதலின் ஆசிரியப் பெருமக்கள்பால் ஒரு விண்ணப்பம். செய்முறைத் தேர்வில் ஒரு பகுதி மதிப்பெண்ணைப் பிழை காணுதற்கென ஒதுக்குவீர்களாக. பழுதுள்ள ஒரு கருவியை, பழுது இன்னதென்று சொல்லாமலே மாணவர் கையிற் கொடுத்து, அவர் எவ்வரிசையில் ஆராய்ந்தார், எதை முதலில் மாற்றினார், எழுதினாரா என்று நோக்குவீர்களாக. விடை தவறாயினும் ஏடு உண்மையாயின் அவனுக்கு மதிப்பெண் தருவீர்களாக. மருந்தாலைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் பணிபுரியும் நம் பழைய மாணவர்பாலும் ஒன்று வேண்டுகின்றேன். நீங்கள் அன்றாடம் காணும் இப்பிழைகளையும் அவற்றைத் தீர்க்கும் முறைகளையும் தமிழில் எழுதித் தருவீர்களாக. குப்பியை மூடுபவரும் கலம் கழுவுபவரும் ஆங்கில நூல்களைப் படித்து அறியார். தம் கையின் சிறு சோர்வு ஒரு மருந்தின் தீர்ப்பையே மாற்றும் என்பதைத் தம் மொழியிற் படித்தால் அறிவர். சொற்கள் ஆக்கித் தருதல் தமிழ் வகுப்பினராகிய எம் கடமை. அதற்கு ஆயத்தமாய் இருக்கின்றோம்.

சான்றிதழில் அச்சாகும் ‘தூயது’ என்னும் ஒரு சொல்லை நம்பித் தாய் ஒருத்தி நள்ளிரவில் தன் குழந்தையின் வாயில் ஒரு கரண்டி மருந்தை ஊற்றுகின்றாள். அவள் கருவியைக் கண்டதில்லை, முகட்டையும் அறியாள். அவளுக்காக ஐயுறும் பொறுப்பு, அச்சொல்லை எழுதுபவனுடையது.